செல்லியம்மன் வளைவு

செல்லியம்மன் துணை

செந்துறை வழி,
12.6.2024

குழலிக்கு அத்தை வேம்பு எழுதிக்கிறது.

நாங்க நல்லாருக்கோம், நீ நல்லாருக்கியான்னு எழுத இங்க யாரும் நல்லா இல்ல. நீ எப்படி இருக்கேன்னு கேக்கவும் எனக்கு மனசு வல்ல.

போன் போட்டா நீ எடுக்கிறதில்ல. எடுத்தாலும் "சரிங்க அத்தை, பாக்குறேங்க அத்தை"ன்னு வச்சுடுற. நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லைன்னுடுவே. அதான் அபிநயா நோட்டுல தாளைக் கிழிச்சு எழுதுறேன். எட்டாவதோட நின்னவ எழுத்து, தப்பு இருக்கும். திருத்தாம படி.

வீரமணிய எடுத்த அன்னிக்குப் பெரம்பலூர்லேருந்து வந்தே. மாலை போட்டே. வாசல்லயே நின்னே. ஒரு வாய் தண்ணி குடிக்கல. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். ஒதுங்கிப் போய் அழுவுதாக்கும், ஒண்ணா வளந்ததுங்கதானேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் லாரி ஓட்டுற கண்ணையன் வந்து சொல்றான், "அக்கா, உங்க மருமவ கோயில் வளைவுல டேப்பு புடிச்சுக்கிட்டு நிக்கிது, கூட ஒரு ஆளு சுண்ணாம்புல கோடு போடுறான்"னு.

என் புள்ளைய இன்னும் சுடுகாட்டுக்குத் தூக்கல குழலி. நீ ரோட்ட அளந்துக்கிட்டு நிக்கிற.

ஊர்ல பேசுறது உன் காதுக்கு வந்துச்சா? போலீஸ் டேசன்ல "அதிவேகம், அஜாக்கிரதை"ன்னு எழுதிக்கிட்டாங்க. ஊர்க்காரங்க அதோட சாராயத்தையும் ஊத்திட்டாங்க. அவன் ஓட்டுன டிப்பர் லாரி நேராப் போயி கோயில் மண்டபத்துத் தூணுல மோதிச்சே, ஆத்தா செலையில ஒரு கீறல் வுழுந்துச்சா? இல்ல. அதனால என்ன சொல்றாங்க தெரியுமா? "குடிச்சுட்டு எல்லைக்குள்ள வந்தான், ஆத்தா எடுத்துக்கிட்டா." என் காதுபடச் சொல்றாளுவ. தண்ணிக் கொழாயில கொடத்த வச்சுக்கிட்டு, நான் வந்தா பேச்ச நிறுத்துறாளுவ.

ஆடு கெடா வெட்டுனாகூட எனக்குப் பயந்து டீ குடிச்சுட்டு வந்து படுக்குறவன் அவன். ஆத்தாளத் தாண்டுறப்ப ஒரு நாளாவது கும்புடாம போயிருப்பானா? அவன எப்படி ஆத்தா எடுப்பா?

ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க, அதுல என்ன வந்துச்சுன்னு ஒருத்தனும் சொல்லல. அபிநயாவப் பொண்ணு பாத்துட்டுப் போன பாடாலூர்க்காரங்க போன எடுக்க மாட்டேங்கிறாங்க. குடிகாரன் தங்கச்சியாம்.

நீ ரோடு போட்ட எஞ்சினியரு. அந்த எடத்த அளந்தவளும் நீதான். உன் வாயால வந்து நாலு பேருக்கு முன்னால சொல்லு, என் புள்ள குடிக்கலைன்னு. வேற ஒண்ணும் உங்கிட்ட கேக்கல.

வேம்பு


பெரம்பலூர்,
19.6.2024

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நான் அன்று அளந்ததற்குக் காரணம் உண்டு. தார் ரோட்டை விட்டு இறங்கிய டயர் தடம் மண்ணில் இருந்தது. மறுநாள் செம்மண் கொட்டி நிரவிவிடப் போகிறார்கள் என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. நிரவிய பிறகு அவன் எப்படிப் போனான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் போனேன். அழுவதற்கு எனக்கும் தெரியும். அதை உங்கள் வாசலில் செய்யவில்லை என்பதுதான் குற்றமா?

நாலு பேருக்கு முன்னால் வந்து பேச முடியாது. விசாரணை நடக்கிறது. என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "டிரைவர் மீதுதான் தவறு என்று இரண்டு வரி எழுதிக் கொடும்மா, உனக்கும் நல்லது" என்று ஆபீஸில் பெரியவர் ஒருவர் அன்பாகச் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ரோட்டை அகலப்படுத்தப் போட்ட படத்தில் அங்கே வளைவே கிடையாது. பழைய ரோடு ஆத்தாவுக்கு முன்னால் நேராகத்தான் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நட்டு வைத்திருந்த அளவுக் கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றி, ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்க்க, என் கையைப் பிடித்து அந்த நெருப்பின் மேல் காட்டிச் சத்தியம் வாங்கியது யார்?

அந்த ரோடு யாருக்காக வளைந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பூங்குழலி


செல்லியம்மன் துணை

செந்துறை வழி,
24.6.2024

அடி குழலி,

உன் கடுதாசியப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அபிநயா வந்து "என்னம்மா எழுதியிருக்கு"ன்னு கேட்டுச்சு. மடியில சொருவிக்கிட்டேன்.

ஆமா. கற்பூரம் ஏத்துனேன். இப்பவும் இல்லைன்னு சொல்லல. புல்டோசரு வந்து ஆத்தா தலையில நிக்கிது. எங்க மாமியாளுக்கு மாமியா பொங்க வச்ச எடம். நான் யாருகிட்டப் போவேன்? எந்தம்பி நடராசன் மவ எஞ்சினியரா வந்துருக்கு, நம்ம புள்ள, நம்ம பேச்சக் கேக்கும்னு வந்தேன். கோயில வுடுன்னு கேட்டேன். ஆளக் கொல்ற மாதிரி ரோடு போடுன்னு கேட்டேனா? புண்ணு ஆத்துன்னு டாக்டருகிட்ட போறோம். அவரு வெசத்தக் கொடுத்துட்டு, நீதானம்மா மருந்து கேட்டேன்னு சொல்லலாமா?

வளைச்சது நீ. எனக்கு வளையலு தெரியும், கதிர் அருவா தெரியும். ரோட்ட எப்படி வளைக்கணும்னு உனக்குல்ல தெரியணும். தெரிஞ்சே அப்படி வளைச்சியா, தெரியாம வளைச்சியா? அதச் சொல்லு மொதல்ல.

நீ காலேசு படிக்கிறப்ப திருவிழாவுக்கு வந்தே, ஞாபவம் இருக்கா? கரகத்துக்குச் செவப்பு ரிப்பன் ஒட்டிக்கிட்டு இருந்தேன். பானையச் சுத்தி நான் நெனச்ச பக்கம் திருப்புனா ஓரமெல்லாம் சுருங்கிக்கிது. நீ சிரிச்சுக்கிட்டே, "அத்தை, இழுக்காதீங்க. அது போற பக்கம் வுடுங்க. பாக்குறதுக்குக் கோணலா இருக்கும், ஆனா அதுக்கு அதான் நேரு"ன்னே. வுட்டேன். ஒரு சுருக்கம் இல்லாம அதுவாச் சுத்திக்கிட்டுப் போச்சு. அன்னிக்கு உன்ன நெட்டி முறிச்சேன். வீரமணிகூட பக்கத்துல உக்காந்து கோந்து தடவிக்கிட்டு இருந்தான். அவனுக்கு ஒன்னக் கேக்கலாம்னு அப்பதான் எனக்கு மனசுல வுழுந்துச்சு. கேட்டேன். "லாரிக்காரனுக்கா"ன்னே நீ. உங்கப்பன் என்கிட்ட சொல்லல, ஆனா என் காதுக்கு வந்துடுச்சு. அவனுக்கும் வந்துடுச்சு. அப்பறமும் "குழலி போட்ட ரோடு"ன்னு சொல்லிக்கிட்டே அதுல ஒரு நாளைக்கு நாலு நடை கல்லு ஓட்டுனான்.

பானைக்கு மேல ரிப்பன் போற வழி தெரிஞ்சவளுக்கு, ரோடு போற வழி தெரியலியா?

சரி, சண்ட வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மண்ணுல நீ என்னத்தப் பாத்தே? குடிச்சிருந்தானா, இல்லையா?

வேம்பு


பெரம்பலூர்,
3.7.2024

அத்தைக்கு,

குடிக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ரோடு எவ்வளவு வளைகிறது என்பதை ஸ்டியரிங்கை வைத்தே சொல்லிவிடலாம். நேர் ரோட்டில் ஸ்டியரிங் நடுவில் நிற்கும். வட்டமான ரோட்டில் ஒரே அளவு திருப்பிப் பிடித்தபடி போகலாம். நேர் முடிந்து வட்டம் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். நடுவில் இருந்த ஸ்டியரிங் ஒரே தாவலில் திரும்பியாக வேண்டும். எந்தக் கையாலும் அது முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவே, வளைவு துளித்துளியாகக் கூடும் ஒரு துண்டு ரோடு போட வேண்டும்.

அபிநயாவின் ரிப்பன் ஒன்றைத் தரையில் படுக்க வைத்து ரோடு மாதிரி பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். உள் ஓரம் சுருங்கும். சுருங்காமல் திருப்பினால் ரிப்பன் எழுந்து நின்றுவிடும். படுத்தபடியே அது திரும்பாது. ரோட்டைத் திருப்பவும் அப்படிக் கொஞ்சம் எழுப்ப வேண்டியிருக்கிறது, காரணம் வேறு. வளைவு வண்டியை வெளியே தள்ளும். அதைத் தாங்க வெளி ஓரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இரண்டுக்கும் நீளம் தேவை. எனக்கு நீளம் இல்லை. ஒரு பக்கம் ஏரி மதகு, ஒரு பக்கம் ஆத்தா. நேர் ரோட்டின் முனையில் வட்டத்தை அப்படியே ஒட்டினேன்.

தெரிந்துதான் ஒட்டினேன், அத்தை. கேட்டீர்களே. வண்டிகள் மெதுவாகத்தானே வரும், பலகை ஒன்று வைத்தால் போதும் என்று நினைத்தேன். பலகையும் வரவில்லை.

இனி தடம். போதையில் ஓட்டுகிறவனின் தடம் அலையும். பயந்து கடைசியில் திருப்பியவனின் தடம் வளையும், பிரேக் பிடித்து மண்ணைக் கிளறியிருக்கும். இவன் தடத்தில் இரண்டும் இல்லை. வண்டி சிறிதளவு திரும்பினாலும் பின் டயர் முன் டயரின் தடத்தில் போகாது, உள்பக்கம் ஒதுங்கும். அங்கே முன் டயர் தடத்தின் மேலேயே பின் டயர் ஏறியிருக்கிறது, தூண் வரைக்கும். நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் அசையவில்லை. பழைய ரோடு ஓடிய அதே கோடு. வளைவு தொடங்கிய இடத்தில் ரோடு திரும்பிவிட்டது, அவன் திரும்பவில்லை. யாரும் திருப்பாத வண்டிக்கு அதுதான் நேர். கரகத்து ரிப்பனுக்குச் சொன்னேனே, அதுபோல.

தூங்கிவிட்டான் என்றும் சொல்ல முடியாது. வளைவுக்குச் சற்று முன்னால் டீக்கடை மேகலாவைப் பார்த்து ஹாரன் அடித்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். நானே அவளிடம் கேட்டேன்.

ஹாரன் அடித்த கை அடுத்த நொடியில் ஸ்டியரிங்கில் இல்லை. இரண்டு கையும் இல்லை. அவை எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை என்றுதான் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொன்னால்தான் எழுதுவேன்.

பூங்குழலி


செல்லியம்மன் துணை

செந்துறை வழி,
15.7.2024

குழலிக்கு,

படிச்ச அன்னிக்கே எழுதியிருக்கணும். கை ஓடல.

ரிப்பன வச்சுப் பாத்தேன். நீ சொன்ன மாதிரியே எழுந்து நின்னுக்கிச்சு. அத அப்படியே சுருட்டி அடுப்புல போட்டேன். அபிநயா "ஏம்மா, நல்ல ரிப்பன"ன்னுச்சு.

அப்பறம் கண்ணையன் வூட்டுக்குப் போனேன். அவன் அன்னிக்கு எதுத்தாப்புல காலி வண்டியில வந்தவன், மொதல்ல ஓடிப்போயி கதவத் தொறந்தவன். தின்னுக்கிட்டு இருந்தான். எலையில கைய வச்சுக்கிட்டு இருக்கயிலேயே கேட்டேன், "தம்பி, அவன் கையி எங்க இருந்துச்சு?" அவன் தலைய நிமித்தல. "சாப்புடுங்க அக்கா"ங்கிறான். "கையி எங்கடா இருந்துச்சு?" அவம் பொண்டாட்டி உள்ள போயிட்டா.

"மோதுறப்ப நான் பாத்தேன், நெத்திக்கு மேல இருந்துச்சுக்கா. ரெண்டு கையும். கண்ணும் மூடியிருந்துச்சு."

"ஏண்டா இத டேசன்ல சொல்லல?"

"எப்புடிக்கா சொல்றது? கும்புட்டவன ஆத்தா கொன்னுட்டான்னு ஆயிடும்ல. குடிச்சான்னு இருந்தாலாச்சும் ஆத்தா பேரு நிக்கும்."

கேட்டியா குழலி. ஆத்தா பேரு நிக்கணுமாம். என் புள்ள பேரு போனா போவுதாம். அவனத் திட்டவும் எனக்கு வாய் வல்ல. நானும் அந்த மண்டபத்துக்குச் செங்கல்லு சொமந்தவதான். ரோடு ஒதுங்குன எடத்துல, பழைய ரோட்டு மேலயே தூணு நட்டோம். அவன் கும்புட்டுக்கிட்டு நேரா வந்தான். நாங்க நட்ட தூணு நின்னுச்சு.

எட்டு வயசுல சைக்கிள் கத்துக்கிட்டான். கோயிலத் தாண்டுறப்ப ஒத்தக் கையால கும்புட்டான். கூப்புட்டு வச்சு முதுவுல ஒண்ணு போட்டேன். "ஆத்தாளுக்கு ஒத்தக் கையாடா? ரெண்டு கையும் எடு. கண்ண மூடு." அவன் "வுழுந்துடுவேம்மா"ன்னான். "ஆத்தா புடிச்சுப்பா"ன்னேன். அப்ப ரோடு நேரு. கைய வுட்டாலும் சைக்கிள் அது பாட்டுக்கு ஓடுச்சு. ஆத்தாதான் புடிச்சுக்கிட்டான்னு அவனும் நெனச்சான், நானும் நெனச்சேன்.

ரோடு நேரா இருந்துச்சு, அவ்வளவுதான்.

எழுது. ரெண்டு கையும் ஆத்தாளக் கும்புட்டுச்சுன்னு எழுது. வளைவ ஒட்டுனது நீன்னு எழுது. கற்பூரம் ஏத்தி ஒட்ட வச்சது வேம்புன்னும் எழுது. என் பேர வுட்டுட்டு நீயா தாங்கிக்கிட்டு நல்ல பேரு வாங்கிக்காத, அதுக்கு ஒத்துக்க மாட்டேன். உன் பங்கு உனக்கு, எம்பங்கு எனக்கு. கண்ணையன நான் கூட்டிக்கிட்டு வரேன், அவன் சொல்லுவான்.

இதோட உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. தெரிஞ்சேதான் ஒட்டுனேன்னு எழுதியிருக்கே பாரு, அத தெனம் ஒரு தடவ எடுத்துப் படிக்கிறேன்.

வேம்பு


பெரம்பலூர்,
28.8.2024

அத்தைக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். எதையும் விடவில்லை. உங்கள் பெயரும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. கண்ணையன் அண்ணன் சொன்னதைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளையும் கேட்டு வாங்கினேன். சுத்தமாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் மேஜை டிராயரிலேயே கிடந்திருக்கிறது.

மண்டபத்தை எடுக்க வேண்டும், கோயிலைப் பின்னால் தள்ளி ரோட்டை நேராக்க வேண்டும், அல்லது மதகை மாற்றிக் கட்டி வளைவுக்கு நீளம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். "சாமி விஷயம், இப்போது வேண்டாம்" என்று அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் மாற்றல். இது அனுதாபத்துக்காக எழுதுவதல்ல. விலாசம் மாறும் என்பதற்காக எழுதுகிறேன்.

"லாரிக்காரனுக்கா" என்று நான் கேட்டதில்லை. அப்பாதான் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். இனி யாரிடம் சொல்வது.

பூங்குழலி


செந்துறை வழி,
20.10.2024

குழலிக்கு,

ராமநாதபுரத்துல தண்ணி உப்பா இருக்கும்பாங்க. காய்ச்சிக் குடி.

நீ எழுதுன பேப்பரு ஊருக்கு வந்துடுச்சு. கூட்டம் போட்டுப் படிச்சாங்க. இப்ப ஒருத்தரும் வீரமணி குடிச்சான்னு சொல்றதில்ல. தண்ணிக் கொழாயில நான் போனா இப்பவும் பேச்ச நிறுத்துறாளுவ. முன்னால குடிகாரனப் பெத்தவ. இப்ப புள்ளையக் கொன்னவ. அவனுக்கு நல்ல பேரும் எனக்கு இதுவும் ஒரே தாளுலதானே வந்துச்சு. வந்துட்டுப் போவுது. கேட்டு வாங்குனதுதான்.

பாடாலூர்க்காரங்க திரும்பி வந்தாங்க. பையன் குடிகாரன் இல்லைன்னு தெரிஞ்சதாம், ஆனா சாமி குத்தம் இருக்கே, ஒரு வருசம் போவட்டும்னாங்க. அபிநயா உள்ளேருந்து வந்து, "ஒரு வருசம் எதுக்குங்க, இப்பவே காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க"ன்னுடுச்சு. எனக்கு அன்னிக்குத்தான் ஒரு வாய் சோறு எறங்குச்சு.

ஆடியில எனக்குக் கரகம் கொடுக்கல. கேக்கவும் இல்ல நான்.

வளைவு அப்படியேதான் இருக்கு. தூணுக்குப் புதுசா சிமெண்டு பூசி, மஞ்ச குங்குமம் வச்சுட்டாங்க. அதுல வேற ஒரு சக்தி வந்துடுச்சாம். முன்னால ஒரு கையால கும்புட்டவனெல்லாம் இப்ப ரெண்டு கையால கும்புடுறான். நான் பாத்தேன் குழலி. கல்லு ஏத்துன வண்டி, வளைவு ஆரம்பிக்கிற அதே எடம், நீ ஒட்டுன அதே எடம், ரெண்டு கையும் மேல போவுது.

அதனால காலையில போயி அங்க நிக்கிறேன். கோயிலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டு. வண்டி வரயில, "கும்புடாதடா, ஸ்டியரிங்கப் புடிடா"ன்னு கத்துறேன். பூசாரி வந்து, "வேம்பு, உனக்குப் புத்தி பெசகிடுச்சு, ஆத்தா வாசல்ல நின்னுக்கிட்டுக் கும்புடாதங்கிறியே"ன்னாரு. "கும்புடட்டும், எறங்கி வந்து கும்புடட்டும்"னேன். செல பேரு கேக்குறானுவ. செல பேரு சிரிக்கிறானுவ. கண்ணையன் மட்டும் வண்டிய நிறுத்தி, எறங்கி, செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டுட்டுப் போறான்.

போன செவ்வாக்கெழம என்ன ஆச்சு தெரியுமா. ஆத்தாளுக்கு எடுத்து வச்ச ஒரு மஞ்சச் சீலையத்தான் கட்டியிருந்தேன், நெத்தி நெறையக் குங்குமம், வேப்பமரத்துக்கு அடியில நிக்கிறேன். வெளியூரு வண்டி ஒண்ணு, புது டிரைவரு, சின்னப் பய. என்னப் பாத்தான். ஆத்தாதான் எறங்கி வந்து நிக்கிறான்னு நெனச்சுட்டான் போல. ரெண்டு கையையும் எடுத்துட்டான். எடுத்து, கண்ணையும் மூடிட்டான்.

நான் கத்துன கத்துல முழிச்சு ஸ்டியரிங்க ஒடிச்சான். தூண ஒரசிக்கிட்டுப் போயி நின்னுச்சு. எறங்கி வந்து என் கால்ல வுழப் போறான். பளார்னு ஒண்ணு வுட்டேன். வீரமணிய அடிச்ச அதே கை.

மறுநாளு சீலைய மடிச்சுப் பொட்டியில வச்சுட்டேன். குங்குமத்த அழிச்சுட்டேன். இப்ப அபிநயாவோட பழைய நைட்டிய மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். இதக் கண்டு யாரும் கையெடுக்க மாட்டானுவ.

நீ இந்தப் பக்கம் வரணும்னு இல்ல. வந்தா பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காராத. நான் நிக்கிறத நீ பாக்க வேணாம்.

வேம்பு